இருபத்தெட்டுப் பௌர்ணமி

திருவண்ணாமலை,
13.7.2025

அன்புள்ள பூஜா,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா, விடுதியில் குளிக்க வெந்நீர் தருகிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பத்து நிமிடம்தான், அதிலும் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார், அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்க முடியவில்லை, எல்லாவற்றையும் கடிதத்தில் எழுது என்றாயே. இதோ எழுதுகிறேன்.

மாமா நன்றாக இருக்கிறார், உன் அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மா சமைக்கும் கெஸ்ட் ஹவுஸிலேயே மோட்டார், குழாய் வேலை பார்க்கிறார். அங்கே தங்கியிருக்கும் ஒரு ரஷ்யாக்காரர் அவரை "அறிவு, அறிவு" என்று கூப்பிடுகிறார். "அறிவுச்செல்வன்னு பேர்ல மட்டும்தான் இருக்குது சாமி, ஆள்கிட்ட இல்ல" என்று மாமா தமிழிலேயே பதில் சொல்கிறார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை வேங்கிக்கால் போய் நன்னடத்தை அலுவலர் எழிலரசி மேடத்திடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். மூன்று வருடப் பிணையில் இன்னும் எட்டு மாதம்கூட இல்லை. மார்ச் ஐந்தாம் தேதியோடு முடிகிறது. நான் நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பௌர்ணமி. முதல் தடவையாக நானும் மாமாவோடு கிரிவலம் போனேன். பதினான்கு கிலோமீட்டரும் அவர் செருப்பில்லாமல் நடந்தார். ரமணாசிரமம் தாண்டி, காட்டோரமாகத் திரும்பி, அடிஅண்ணாமலை வந்தபோது எனக்குத் திடீரென்று உறைத்தது. "மாமா, நகர எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு நிபந்தனை இருக்குதே?" என்று கேட்டேன்.

"எங்க தாண்டினேன் பாப்பா? சுத்திதான வர்றேன். கெளம்புன எடத்துக்கே வந்து சேர்றவன் ஊரை வுட்டுப் போனான்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இன்னொரு செய்தி. மாமாவைப் போன்றவர்களைக் கண்காணிக்கும் சட்டத்தை மாற்றுவதற்கு ஒரு குழு அமைத்திருக்கிறார்களாம். பொதுமக்கள் தபாலில் கருத்து அனுப்பலாம் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. நான் எழுதலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறாய்?

உன் பதிலை எதிர்பார்த்து,
சிந்துஜா

*

திருவண்ணாமலை,
20.7.2025

சட்டத் திருத்தக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். நான் பதினோராம் வகுப்பு மாணவி. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்களைப் பற்றிய சட்டத்தைத் தாங்கள் மாற்றப்போவதாகப் படித்தேன். என் தாய்மாமா அவர்களில் ஒருவர். அவர் அனுமதியில்லாமல் பெயரை எழுதுவது முறையல்ல என்பதால் எழுதவில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு சண்டை. மாமா மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் பக்கத்து நிலத்து அப்பாதுரை என்பவரின் கை உடைந்தது. மாமா செய்தது குற்றம்தான். முதல் குற்றம் என்பதால் நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. சொந்த ஊருக்குப் போகக் கூடாது, திருவண்ணாமலையில் அக்கா வீட்டில் தங்க வேண்டும், நகரக் காவல் நிலைய எல்லையைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனைகள்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் அவருடன் அலுவலகத்துக்குப் போனேன். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒரே அலுவலர். ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்துக்கான நேரம்தான். எல்லை எது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வரைபடம்கூட இல்லை.

அதனால் என்ன ஆகிறது என்பதற்கு உதாரணம்: மாமா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் போகிறார். காய்ச்சலில் கிடந்த ஒரு மாதம் தவிர இதுவரை இருபத்தெட்டுப் பௌர்ணமி. அப்பாதுரை அவர்களின் கை பழையபடி மடங்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். கிரிவலப் பாதையில் பாதிக்கு மேல் வேறு காவல் நிலைய எல்லை. சட்டப்படி இது மீறல். ஆனால் ஒரு மனிதர் திருந்தினார் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

எல்லையை வகுக்கும்போது அந்த ஊர் மக்களின் வழக்கங்களைக் கேட்டு வகுக்க வேண்டும், ஒழுங்காக நடப்பவர்களுக்குக் கண்காணிப்புக் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரா. சிந்துஜா, த/பெ. ராஜேந்திரன்,
எண் 9, மூன்றாவது குறுக்குத் தெரு, செங்கம் சாலை, திருவண்ணாமலை.

*

ஊத்தங்கரை,
26.7.2025

பொது அறிவுப் பெட்டகமே,

இருமல் போய்விட்டது. வெந்நீர் முதலில் எழுந்த பத்துப் பேருக்கு மட்டும். நான் பதினோராவது.

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இங்கே அப்பா சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் என் அறைத்தோழி சினேகா, "உங்கப்பா வரும்போது சாக்லேட்டு வாங்கியாரச் சொல்லுடி" என்றாள். சரி என்றேன்.

அப்பா நடக்கட்டும். ஆனால் அதைப் பற்றி யாரிடமும் பேசாதே. முக்கியமாக, அந்தக் குழுவுக்கு ஒரு வரிகூட எழுதாதே. சிந்து, நீ அந்தப் பிணைப் பத்திரத்தைப் படித்திருக்கிறாயா? நான் படித்திருக்கிறேன். "இக்காலத்தில் அழைக்கப்படும்போது நேரில் வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வேன்" என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். தண்டனை எங்கும் போய்விடவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஒருவரும் கூப்பிடாமல் மார்ச் ஐந்து வரவேண்டும். அதற்கு அவர்கள் நம்மை மறந்திருக்க வேண்டும். நாமாகப் போய் ஞாபகப்படுத்தலாமா?

எழுதவில்லை என்று உடனே பதில் போடு. அத்தைக்கு என் அன்பு.

பூஜா

*

திருவண்ணாமலை,
12.8.2025

அன்புள்ள பூஜா,

நலம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தேர்வுகள் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

இங்கே தினமும் மழை. கெஸ்ட் ஹவுஸ் மாடித் தொட்டியில் ஒரு குரங்கு விழுந்துவிட்டது. மாமா ஏணியை இறக்கிவிட்டார். அது ஏறி வந்து, அவருடைய துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "கூலி வாங்கிக்கினு போவுது" என்றார். அம்மாவுக்கு அன்று முழுவதும் சிரிப்பு.

பௌர்ணமிக்கு மாமா போய்விட்டு வந்தார். நான் போகவில்லை.

நூலகத்தில் புதிதாக முப்பது புத்தகம் வந்திருக்கிறது. பட்டியல் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா ஊரிலிருந்து வேர்க்கடலை கொடுத்தனுப்பினாள். உனக்கும் ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட மற்ற விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

சிந்துஜா

*

சென்னை,
1.9.2025

அனுப்புநர்: உறுப்பினர் செயலர், சட்டத் திருத்தக் குழு
பெறுநர்: செல்வி ரா. சிந்துஜா, திருவண்ணாமலை

பொருள்: தங்கள் 20.7.2025 நாளிட்ட மனு.

தங்கள் மனு இவ்வலுவலகத்தில் பெறப்பட்டது. மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள நிபந்தனை மீறல் குறித்து விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்கும் பொருட்டு, அசல் மனு திருவண்ணாமலை நன்னடத்தை அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. எடுக்கப்பட்ட நடவடிக்கையை மனுதாரருக்குத் தெரிவிக்குமாறும் அவர் கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளார்.

(ஒப்பம்)

*

திருவண்ணாமலை,
10.9.2025

அன்புள்ள பூஜா,

சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே நலம்.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. மாமாவைப் போக வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு வயிற்று வலி, அம்மாவும் வேலைக்குப் போய்விட்டாள், தனியாக இருக்கப் பயம் என்று சொன்னேன். வயிற்று வலி இல்லை. அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, சுக்கு தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். முழுவதையும் குடித்தேன்.

பூஜா, உனக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பயமாக இருக்குமா? எங்கள் தெருவில் எத்தனை ஸ்கூட்டர் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். பதினேழு. அதில் பால்காரருடையது மட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும். மற்றவை வாசலைத் தாண்டிப் போகும்வரை எனக்குப் படிப்பு ஓடுவதில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டும் என்று மத்தியானம் பள்ளியிலிருந்து ஓடி வருகிறேன்.

காலாண்டு விடுமுறைக்கு வருவாயா?

சிந்துஜா

*

ஊத்தங்கரை,
19.9.2025

சிந்து,

விடுமுறை கிடையாது. சிறப்பு வகுப்பு என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் குரங்கு, ஒன்றில் ஸ்கூட்டர். நான் கேட்டது எதிலும் இல்லை. நீ பொய் சொல்லத் தெரியாதவள். அதனால்தான் பேச்சை மாற்றுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். "சிந்து ஏம்மா இப்டி இளைச்சிப் போவுது, உனக்கு எதுனா தெரியுமா?" என்று என்னைக் கேட்கிறார்.

எழுதினாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு.

பூஜா

*

திருவண்ணாமலை,
30.9.2025

பூஜா,

எழுதினேன். நீ வேண்டாம் என்று எழுதுவதற்கு ஆறு நாள் முன்பே அனுப்பிவிட்டேன். மாமாவின் பெயரைப் போடவில்லை. என் பெயரையும் விலாசத்தையும் போட்டேன். எனக்கு ஒரே ஒரு தாய்மாமாதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் எழிலரசி மேடம் வந்தார். ஸ்கூட்டரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். "இருபத்தெட்டு" என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"யாரும்மா சிந்துஜா?"

"நான்தான் மேடம்."

"கையெழுத்து முத்து முத்தா இருக்குது. கிறுக்கலா இருந்திருந்தா எவனும் படிச்சிருக்க மாட்டான். நீயும் தப்பிச்சிருப்ப, நானும் தப்பிச்சிருப்பேன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடமே கடிதத்தைப் படித்துக் காட்டினார். நான் எழுதியதை இன்னொருவர் குரலில் கேட்டபோது, அது கருத்துக் கடிதமாக இல்லை. காட்டிக் கொடுக்கும் கடிதமாக இருந்தது.

மாமா குழாய் ரிப்பேர் செய்த ஈரக் கையோடு நின்றிருந்தார். "நான்தாங்க மேடம் சொல்லி எழுத வெச்சேன். அது சின்னப் பொண்ணு. எனக்கு இவ்ளோ தெளிவா எழுத வராது, அதான்" என்றார்.

"டேய், கிறுக்கு புடிச்சிருக்குதாடா உனக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"நீ கம்முனு இரு அக்கா."

மேடம் காபியைத் தொடவில்லை. "அறிவு, நீ கிரிவலம் போறது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? இந்த ஊர்ல போலீஸ்காரனே லீவு போட்டுட்டுப் போறான். கண்டும் காணாம இருந்தேன். இப்ப மேல இருந்து நம்பர் போட்டு வந்துடுச்சி. பதினஞ்சு நாள்ல பதில் சொல்லணும். கோர்ட்டுக்கு ரிப்போர்ட் வெக்காம இருக்க முடியாது" என்றார்.

அக்டோபர் முப்பதாம் தேதி நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் வரவேண்டும். பிணையை ரத்து செய்தால் இரண்டு வருடம்வரை சிறை கிடைக்கலாம் என்று சட்ட உதவி வக்கீல் சொல்கிறார்.

மேடம் போன பிறகு மாமா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாப்பா, சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

நீயாவது என்னைத் திட்டு.

சிந்துஜா

*

திருவண்ணாமலை,
19.10.2025

பூஜா,

உன் பதில் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மாமாவோடும் அம்மாவோடும் பேசினாயாம். என்னைக் கேட்கவில்லையாம். சரி.

நாளை தீபாவளி. மாமா எனக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். இன்னும் பிரிக்கவில்லை. அவர் தன் மோட்டார் சாமான்களை எல்லாம் துடைத்து, ஒரு பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றும் எதற்கு என்று காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறார். யாருக்காக என்று கேட்கவில்லை. இரண்டு வெள்ளை வேட்டியைத் தனியாக மடித்து வைத்திருக்கிறார்.

நல்லபடியாக இரு.

சிந்துஜா

*

திருவண்ணாமலை,
6.11.2025

அன்புள்ள பூஜா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ படிக்காவிட்டாலும் நான் எழுத வேண்டும்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் போனோம். மத்தியானம் இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை மாமா உட்காரவே இல்லை. வாசலில் நின்ற போலீஸ் வேனை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

சட்ட உதவி வக்கீல் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் தடவை மீறினால் ஐம்பது ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். "ஒரு தடவைதான் போனாருன்னு சொல்லிடும்மா. கணக்கு தப்பா எழுதிட்டேன்னு சொல்லு" என்றார். நானும் சரி என்றுதான் சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

நீதிபதி என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கியே, எண்ணிப் பாத்தியா?" என்றார்.

அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பூஜா. ஆனால் வெளியே வரவில்லை. "நாட்காட்டிய வெச்சிக் கணக்குப் போட்டேன் ஐயா. கூடப் போனது ஒரு தடவைதான்" என்றேன். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி மாமாவைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. எத்தனை தடவை?"

"எண்ணலைங்க ஐயா. வேண்டுதலை எண்ணக் கூடாதுன்னுவாங்க. எல்லாப் பௌர்ணமியும் போனேன்."

"தப்புன்னு தெரியாதா?"

"ஊரை வுட்டுப் போறதா நெனைக்கலைங்க. மலையைச் சுத்துறதா நெனச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் எழுந்து, இது தொடர்ச்சியான மீறல், குற்றவாளியே ஒப்புக்கொண்டுவிட்டார், பிணையை ரத்து செய்ய வேண்டும் என்றார். நீதிபதி நீண்ட நேரம் எழுதினார். பேனா நகரும் சத்தம் எனக்குக் கேட்டது. எழிலரசி மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நீதிபதி உத்தரவைப் படித்தார். நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்த முதல் மீறல் இதுதானாம். ஐம்பது ரூபாய் அபராதம். பிணை தொடரும். இனி வாரா வாரம் சனிக்கிழமை கையெழுத்து. இன்னொரு தடவை எல்லையைத் தாண்டினால் விசாரணையே இல்லாமல் சிறை.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை, பூஜா. மாமா இப்போது எங்கேயும் போவதில்லை. முடிவெட்டப் போக வேண்டும் என்றால், "பாப்பா, அந்தக் கடை எந்த ஸ்டேஷன்ல வருது?" என்று கேட்கிறார். ரேஷன் கடைக்கும் கேட்டார். சொன்னாலும், "நல்லாத் தெரியுமா?" என்று இன்னொரு தடவை கேட்கிறார். கெஸ்ட் ஹவுஸுக்குப் போகும்போது தெருவின் இடது பக்கமாகவே நடக்கிறார். வலது பக்கம் வேறு எல்லையாக இருந்துவிட்டால் என்ன செய்வதாம். நேற்று பௌர்ணமி. சாயங்காலத்திலிருந்தே எங்கள் தெரு வழியாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு இல்லாத பயத்தை நான் எழுதி வரவழைத்துவிட்டேன்.

சிந்துஜா

*

ஊத்தங்கரை,
14.11.2025

சிந்து,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒன்றையும் கிழிக்கவில்லை. நான்கு தடவை பதில் எழுதி, அவற்றைத்தான் கிழித்தேன். நான்கிலும் உன்னைத் திட்டியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் கை நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

சண்டை நடந்த அன்று நான் வாய்க்கால் கரையில் இருந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. போலீஸ் வருவதற்குள் ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். அப்பாதுரை கரையில் வழுக்கி விழுந்துவிட்டார், நம் ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்வோம் என்று. அவரும் வலியில் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் வழுக்கி விழுந்தார் என்றார்கள். கடைசியில் என் எதிரில் உட்கார்ந்து, "நீ பொய் சொல்ல மாட்ட இல்ல கண்ணு? யார் அடிச்சது?" என்றார்.

"எங்கப்பா" என்றேன்.

அப்பா பத்தடி தள்ளி நின்றிருந்தார். கேட்டுவிட்டார். ஜீப்பில் ஏறும்போது தூக்குவாளியைக் காட்டி, "சாப்பாட்டை எடுத்துனு போய் நீ சாப்பிடும்மா, ஆறிடப் போவுது" என்றார். அதற்குப் பிறகு வழக்கு, சாட்சி, தீர்ப்பு, பிணை எல்லாம் வந்துவிட்டது. இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விடுதியில் சேர்க்கிறேன் என்று அவர் சொன்னபோது, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். இன்னும் எனக்குத் தெரியாது.

நேற்று சினேகாவிடம், அப்பா சிங்கப்பூரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "அப்ப சாக்லேட்டு கெடையாதா?" என்றாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, வார்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்பார். பிறகு, அது எந்த ஸ்டேஷன் என்று உன்னிடம் கேட்பார். எல்லைக்குள்தான் வருகிறது, நான் விசாரித்துவிட்டேன் என்று சொல்லி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வா. வரமாட்டேன் என்றால் நீ மட்டும் வந்துவிடாதே. வீட்டிலேயே இருங்கள், நான் வந்துகொள்கிறேன்.

அவர் உன்னிடமும் ஒன்றும் கேட்கமாட்டார், சிந்து. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். அது போதும் என்று இத்தனை வருடம் நானும் சும்மா இருந்துவிட்டேன். இந்த முறை நாம் இரண்டு பேரும் அவர் எதிரில் உட்கார்ந்து, நாம் செய்ததை அவர் கேட்காமலே சொல்லிவிடலாம். நீ பக்கத்தில் உட்கார்.

அத்தைக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

உன்,
பூஜா